வானத்தைக் கழுவிய புகைபோக்கி

ஓர் ஆலையின் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தில் ஒரு காக்கை குடியிருந்தது. அதன் குஞ்சுக்குச் சிறகு முளைத்துவிட்டது, இருமல்தான் விடவில்லை.

காக்கை புகைபோக்கியிடம் போய், "ஐயா, என் பிள்ளைக்கு மூச்சு முட்டுது. கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இருங்களேன்" என்று கெஞ்சியது.

"நான் எதுக்கு மூடணும்? விமானத்தை வரச் சொல்லியிருக்கேன். அது மேகத்துல உப்பைத் தூவும், மழை கொட்டும், காத்தெல்லாம் சுத்தமாயிடும்" என்றது புகைபோக்கி.

சொன்னபடியே விமானம் வந்து உப்பைத் தூவியது. மழையும் பெய்தது. காற்றில் இருந்த கரியெல்லாம் கறுப்புத் தண்ணீராகச் சாக்கடையில் ஓடியது. குஞ்சு இருமாமல் மூச்சு விட்டது. அது பிறந்ததிலிருந்து பார்த்தேயிராத ஒரு மலை தூரத்தில் பச்சையாகத் தெரிந்தது. காக்கைக்குக் கண் கலங்கிவிட்டது. இவரைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்று நன்றி சொல்லப் போனது.

"நன்றியெல்லாம் இருக்கட்டும். வானத்துல எவ்வளவு இடம் காலியாயிருக்கு, பாத்தியா?" என்ற புகைபோக்கி, வாயை முன்னிலும் அகலமாகத் திறந்தது.

காக்கை அதன் தலைமேல் உட்கார்ந்து நிதானமாக எச்சமிட்டது. பிறகு கூட்டுக்குத் திரும்பி, குஞ்சைக் கிளை நுனிக்குத் தள்ளியது.

"மலை தெரியும்போதே பறந்துடு ராசா."

"மறுபடியும் மழை வரும்ல, அம்மா?"

"வரும், வரும். இவனுக்கு இடம் வேணும்ல? நீ பற."