பாட்டின் பொன்னான வருடம்

இசைப் பத்திரிகையின் ஆண்டு மலருக்காக, பாட்டின் பொன்னான வருடம் எது என்று அலுவலகத்தில் பேச்சு கிளம்பியது. எல்லோரும் ஒரே வருடத்தைச் சொல்ல, அட்டைப்படம் வரைபவள் மட்டும் வேறொன்றைச் சொன்னாள்.

உதவி ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்த வருஷமா? வந்ததெல்லாம் தகர டப்பாவை உருட்டின மாதிரி இருக்குமேம்மா!"

"இருக்கட்டும் சார். ஒண்ணுவிடாம கேட்டிருக்கேன். எனக்கு அதுதான் உசத்தி."

"காதல் ஏதாவதா?" என்று கண்ணடித்தாள் பக்கத்து மேசைக்காரி.

"சும்மா இருங்கக்கா."

"அப்புறம் என்ன பிடிவாதம்? காரணத்தைச் சொல்லு, அட்டையிலயே போட்டுடறேன்" என்றார் ஆசிரியர்.

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு சார். அந்த வருஷம்தான் ஆபரேஷன் பண்ணி எனக்குக் காது கேக்க ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் அம்மா பாடறப்ப வாயைத்தான் பாத்துட்டிருப்பேன்."

உதவி ஆசிரியர் மெல்லக் கேட்டார். "முதல்ல யார் பாட்டைம்மா கேட்டே?"

"அம்மா பாட்டைத்தான்." அவள் முகம் மலர்ந்தது. "சுருதியே சேரல சார். திரும்பத் திரும்பப் பாடச் சொன்னேன்."