ஆட்டோவில் போன நடைபயணி

"நேத்தும் ஆட்டோவுலதான் போனான். நானே என் கண்ணால பார்த்தேன்."

கலியாணசுந்தரம் துண்டை உதறித் தோளில் போட்டார். பாலாற்றைக் காப்பாற்றச் சொல்லி ஆற்காட்டிலிருந்து வயலூர் கடற்கரை வரை நடைபயணம். நாற்பது பேராகக் கிளம்பியது, இரண்டாம் நாள் காலையிலேயே இருபத்திரண்டாகச் சுருங்கிவிட்டது. இன்று ஆறாம் நாள்.

"விடுங்க ஐயா, வயசானவரு." அகிலா கால் கொப்புளத்தில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும் அவனுக்கும் ஒரே வயசும்மா. ஒரே பெஞ்சு. நான் நடக்கலை?"

அப்துல் சத்தார் பையோடு வந்தார்.

"ஏன்டா சத்தாரு, நடைபயணம்னு பேனர்ல எழுதிக்கினு நீ மட்டும் ஆட்டோவுல போனா பார்க்கிறவன் சிரிக்க மாட்டான்?"

"முட்டி வலிக்குதுப்பா."

"எங்களுக்கு முன்னாடி ஆத்துல போய்க் குத்துக்கல்லாட்டம் நிக்கிறியே, அப்போ வலிக்கலையா? இன்னிக்கு என்கூட நட. இல்லைன்னா பையைத் தூக்கிக்கினு பிள்ளையார்பாளையத்துல உன் வீட்டுக்குப் போய்ச் சேரு. ரெண்டுல ஒண்ணு."

பேரத்தில் கலியாணசுந்தரத்தை ஜெயித்தவர் கிடையாது. பட்டுச் சேலை மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்று, பெரிய காஞ்சிபுரத்தில் கடை போட்ட மனிதர். இன்று காலைகூட கீரைக்காரியிடம் கால்மணி நேரம் மல்லுக்கு நின்று, இரண்டு கட்டு கொசுறு வாங்கிய பிறகுதான் அடுப்பே பற்றியது.

"சரி, நடக்குறேன். ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்."

"வண்டிக்காரனுக்குத்தானே? வேணாம், வா." சத்தாரின் கையைப் பிடித்தவர், மத்தியானம் தங்க வேண்டிய ஓரிக்கை வரை விடவில்லை.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மத்தியானம் எங்கே தங்கினாலும் ஆற்று மணலில் ஊற்று தோண்டி, ஆளுக்கு ஒரு கை தண்ணீர் குடித்த பிறகுதான் சாப்பாடு. கலியாணசுந்தரம் போட்ட சட்டம். இரண்டாம் நாளிலிருந்து தோண்டும் இடத்தைக் காட்டுவது சத்தார். பட்டு நூலுக்குச் சாயம் போட்டு ஆற்றில் அலசிய குடும்பம். மணலைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று எல்லோருக்கும் நம்பிக்கை.

ஓரிக்கைப் பாலம் கண்ணில் பட்டதும் கலியாணசுந்தரத்தின் குரலே மாறிவிட்டது.

"பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுத்துட்டு நானும் இவனும் இங்கதாம்மா கெடப்போம். கையால பறிச்சா போதும், தண்ணி சொரக்கும். கன்னுக்குட்டி மாதிரி குப்புறப் படுத்து உறிஞ்சுவோம். எந்திரிச்சா மூக்கு மேல மணல் ஒட்டியிருக்கும். அதை வெச்சுத்தான் இவங்க அம்மா கண்டுபிடிச்சு அடிப்பாங்க. எனக்கும் சேர்த்து."

அகிலா சிரித்தாள்.

"நேத்து குடிச்சோமே, அதே ருசிதான். அம்பது வருஷம் ஆச்சு, துளி மாறலை," என்றார் அவர்.

சத்தார் கரைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஆற்றில் இறங்கியதும், "இடத்தைக் காட்டுடா," என்றார் கலியாணசுந்தரம்.

"இன்னிக்கு ஊத்து வேணாம் கலியாணம். சாப்பிட்டுக் கெளம்பலாம்."

"என் ஊர் ஆத்துல எனக்கு நீ காட்டணுமா? போடா."

அவரே மண்டியிட்டுத் தோண்டினார். முழங்கை ஆழம் போனது, ஈரமில்லை. தள்ளிப் போய் இன்னொரு குழி. அப்புறம் இன்னொன்று. பங்குனி வெயிலில் மணல் சுட்டதுதான் மிச்சம்.

கடைசியில், கூட நடந்துவந்த இளவரசன் மெல்லக் கேட்டான்: "இங்கேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு எந்த வண்டி போவும்?"

இரண்டு பேர் செருப்பை மாட்டினார்கள். அகிலா பேனரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

கலியாணசுந்தரத்துக்கு எல்லாக் கோபமும் ஒரே ஆள் மேல் திரும்பியது. சத்தாரின் பையைப் பிடுங்கிக்கொண்டு கரையேறினார். வேப்பமரத்தடியில் ஒரு ஆட்டோ. அதே ஆட்டோ. உள்ளே டிரைவர் சிட்டிபாபு காத்திருந்தான்.

"இந்தாப்பா, உன் சவாரியை வீட்டுல கொண்டுபோய் விடு. அவன் நடந்தது போதும்."

"சத்தார் பாய் வந்துட்டாரா? ஒம்போது மணியிலேர்ந்து நிக்கிறேங்க. இன்னும் ஊத்தவே இல்லை, அதுக்குள்ள எல்லாரும் எறங்கிட்டீங்க."

"எதை ஊத்தணும்?"

சிட்டிபாபு பின்சீட்டில் கிடந்த சாக்கை விலக்கினான். இரண்டு கேன் தண்ணீர், ஒரு தார்ப்பாய், மண்வெட்டி.

"தெனமும் பள்ளம் பறிச்சு, தார்ப்பாயை விரிச்சு, மணலைப் போட்டு மூடி, மேல இதை ஊத்திடுவாரு பாய். நீங்கல்லாம் போனப்புறம் தார்ப்பாயை எடுத்துக்கினு வர்றது என் வேலை. மொத நாள் ஊத்துல தண்ணி வரலைன்னுதான் பாதிப் பேரு பஸ் ஏறிட்டாங்களாமே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

நாலு நாளாக அவர் சப்புக்கொட்டிக் குடித்தது இந்தக் கேன் தண்ணீரைத்தான். கீழே மணலில் சத்தார் மட்டும் அந்த வறண்ட குழியின் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

கலியாணசுந்தரம் பையை ஆட்டோவுக்குள் வைத்துவிட்டு மெல்ல இறங்கி வந்தார்.

"அகிலா, பேனரைப் பிரிம்மா. எல்லாரும் சாப்பிட உக்காருங்க. தப்பான எடத்துல தோண்டுனது நான்தான்," என்றார். "சத்தாருக்கு நெசமாவே முட்டி வலி. நாளையிலேர்ந்து அவன் ஆட்டோவுலயே முன்னாடி போவட்டும்."