மூன்றாவது பெடல்

"நீங்களே சொல்லுங்கண்ணே. வெள்ளையா, சாம்பலா?"

டாக்டரம்மா இப்படிக் கேட்டதும் டிரைவர் இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பதினேழு வருஷமாக அந்தக் குழந்தைகள் டாக்டருக்கு வண்டி ஓட்டுகிறார். எந்த வழியாகப் போகலாம் என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறாரே தவிர, எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டதில்லை.

ஷோரூம் நடுவில் இரண்டு எஸ்யூவிகளும் பளபளவென்று நின்றன. உயரம், இருக்கை, டிக்கி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளை, ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, கியர் மாற்றும் வேலையும் கிடையாது. சாம்பல் நிற வண்டியில் பழையபடி மூன்று பெடல்.

"வெள்ளையை நீங்களே ஓட்டலாம் மேடம்," என்றாள் விற்பனைப் பெண். "டிரைவரே தேவையில்ல. போன வாரம் ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க எடுத்தாங்க, இப்ப அவங்களேதான் ஓட்டறாங்க."

பாவி, வாயைத் திறந்தாலே என் சோற்றில் மண்ணள்ளிப் போடுகிறாளே என்று டிரைவர் பல்லைக் கடித்தார். பக்கத்து வீட்டுக்கும் இப்படித்தான் ஓர் ஆட்டோமேட்டிக் வந்தது. ஒரே மாதத்தில் அந்த வீட்டம்மா ஓட்டப் பழகிவிட்டார். அவருடைய டிரைவர் இப்போது ஒரு கட்டடத்தின் வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சல்யூட் அடிக்கிறார். டாக்டரம்மாவிடமும் லைசென்ஸ் இருக்கிறது. கிளட்சுக்குப் பயந்துதான் இத்தனை நாள் தொடாமல் இருந்தார். அந்தக் கிளட்சும் போய்விட்டால், ஐம்பத்தெட்டு வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

"வெள்ளை வேண்டாம்மா," என்றார் சட்டென்று. "மேட்டுல நிறுத்தினா பின்னால உருளும்."

"அதெல்லாம் உருளாது சார். தானா பிடிச்சுக்கும்."

"கியர்பாக்ஸ் போச்சுன்னா? பாதி வண்டி விலை கேப்பாங்க."

"ஏழு வருஷம் வாரண்டி சார்."

எந்தப் பக்கம் போனாலும் மறிக்கிறாளே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"சண்டை எதுக்கு? ரெண்டையும் ஓட்டிப் பார்த்துடலாம்," என்றார் டாக்டரம்மா.

முதலில் வெள்ளை. எப்போதும் பின்சீட்டில் பேப்பர் படிக்கிற டாக்டரம்மா, இன்று முன்னால் ஏறி உட்கார்ந்தார். சாலையையே பார்க்கவில்லை. கண் முழுக்கப் பெடல்கள் பக்கம்தான். ஓட்டக் கற்றுக்கொள்கிறார், சந்தேகமே இல்லை.

"எப்படிண்ணே இருக்கு? சௌகரியமா இருக்கா?"

சொர்க்கமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? மூன்று மாதமாக அவருக்கு இடது முட்டியில் வலி. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் உயிர் போகும். மனைவிக்கு மட்டும்தான் தெரியும். கால் சரியில்லாத டிரைவர் என்று தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். நல்ல வேளை, டாக்டரம்மா பார்ப்பது குழந்தைகளைத்தான், கிழட்டு முட்டியெல்லாம் அவர் கண்ணில் படாது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லா இல்லம்மா. இடது காலுக்கு வேலையே இல்ல. சும்மா கிடந்தா தூக்கம் வருது. டிரைவர் தூங்கலாமா?"

டாக்டரம்மா அவரை ஒரு நொடி உற்றுப் பார்த்தார்.

அடுத்தது சாம்பல். பள்ளிக்கூடம் விடும் நேரம், சாலை முழுக்க வண்டி. ஊர்ந்து ஊர்ந்து போகவேண்டியிருந்தது. மிதி, விடு, மிதி, விடு. மூன்றாவது சிக்னலில் கண்ணில் நீர் கோத்தது. கண்ணாடியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டார்.

"வெண்ணெய் மாதிரி போகுதும்மா!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. வெள்ளையே எடுத்துடலாம்னு நான் நினைச்சேன்."

இனிமேல் மழுப்பினால் கதை முடிந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"பதினேழு வருஷத்துல உங்ககிட்ட நான் எதுவுமே கேட்டதில்லம்மா. இது ஒண்ணுதான் கேக்கறேன். கிளட்ச் வண்டியே வாங்குங்க."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரிண்ணே," என்றார்.

ஷோரூமில் விற்பனைப் பெண் விடுவதாக இல்லை. "மேடம், வெள்ளையில இது ஒண்ணுதான் இருக்கு. நீங்க சொன்னீங்கன்னுதான் நேத்திலிருந்து பிடிச்சு வச்சிருக்கோம். அந்த மேஜையில ஒருத்தர் குடும்பத்தோட காத்துக்கிட்டே இருக்கார். விட்டீங்கன்னா அடுத்த வண்டி வர எட்டு மாசம் ஆகும்."

"அவருக்கே குடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா சாம்பல் வண்டிக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மேஜைக் குடும்பம் கைதட்டியது. விற்பனைப் பெண் வெள்ளை வண்டியின் சாவியோடு அங்கே போனாள். டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் முட்டிவலிகூட மறந்துபோயிற்று.

"இப்பத் திருப்தியாண்ணே?"

"ரொம்ப சந்தோஷம்மா!"

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"உங்க முட்டியை நான் மூணு மாசமா கவனிச்சுக்கிட்டுதாண்ணே இருக்கேன். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். அந்தக் காலுக்கு நோகாம இன்னும் பத்து வருஷம் நீங்களே ஓட்டணும்னுதான் வெள்ளையைப் பிடிச்சு வைக்கச் சொன்னேன். இவ்வளவு வலியிலயும் அதை வேண்டாம்னு நீங்க கெஞ்சினதும்தான், இனிமே ஓட்டற எண்ணமே உங்களுக்கு இல்ல, வேலையை விட்டுப் போறேன்னு நேராச் சொல்லக் கூச்சப்படறீங்கன்னு புரிஞ்சுது. போயிட்டு வாங்கண்ணே, ஒண்ணாம் தேதியிலிருந்து வேற ஆளை வரச் சொல்லிடறேன்."