திதி

ஒரு தேதிக்கு மூன்று நினைவுகள்தான் என்று சட்டம் வந்து ஏழு வருடமாகிறது. பட்டியலில் இல்லாததற்குக் கடற்கரையில் விளக்கேற்றக்கூட அனுமதி கிடையாது.

தேதி அலுவலகத்தில் எழுத்தர் ஷர்மிளாவின் எதிரே மீனவப் பெண் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். போன ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி படகு கவிழ்ந்து, அவள் மகன் உட்படப் பதினோரு பேர் இறந்திருந்தார்கள்.

"எடமில்லம்மா. நாகசாகி இருக்கு, காந்தி கைதானது இருக்கு, நெலாவுல பொறந்த மொதக் கொழந்த இருக்கு. எதையாவது எடுத்தாத்தான்."

"கொழந்தைய எடுத்துடாதீங்கம்மா. நாகசாகியில செத்ததும் நம்மளப்போல சனந்தான்." பூங்காவனம் எழுந்துகொண்டாள். "நாங்க என்னத்தத் தேதி கண்டோம்? நெலாவப் பாத்துக் கடலுக்குப் போறவங்க. எங்களுக்கு அது ஆடி மாசத் தேய்பிறை அஷ்டமி."

ஷர்மிளாவின் விரல் நின்றது. அஷ்டமி வருடா வருடம் வேறு தேதியில் வரும். யாரையும் ஒரேயடியாக நீக்க வேண்டாம். அந்தந்த வருடம் யாராவது ஒரு நாள் ஒதுங்கினால் போதும். படிவத்தில் 'தேதி' என்றிருந்ததைத் 'திதி' என்று மாற்றினாள்.

'எழுத்துப்பிழை. திருத்தவா?' என்று கேட்டது திரை.

வேண்டாம் என்று அழுத்தினாள்.

அடுத்து வந்த ஆடித் தேய்பிறை அஷ்டமியன்று, ஜூலை இருபத்தொன்பதாம் தேதி, யாரோ ஓர் அமைச்சரின் சிலைத் திறப்பு ஒரு நாள் ஒதுங்கிக்கொள்ள, கரையில் பதினோரு விளக்குகள் எரிந்தன.