ஏழாம் கேள்வி

"ஆறு மாசங்க" என்றாள் கோகிலவாணி.

கேள்வியை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

கணக்கெடுக்க வந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் எத்தனை மாதம் கொடுத்தீர்கள்? திருப்பூரின் இந்த லைன் வீடுகளில் நான்கு நாட்களாக ஓர் ஆராய்ச்சிக்காக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதுவரை ஐம்பத்திரண்டு தாய்மார்கள். அவர்களில் நாற்பத்தொன்பது பேருக்கு ஆறு மாதம்.

ஐந்தரை இல்லை. ஏழு இல்லை. ஆறு.

எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே.

பிரசவ வார்டுச் சுவரில் பெரிய எழுத்தில் ஆறு மாதம் என்றுதான் இருக்கிறது. சுவரில் இருப்பதை ஒப்பிக்கிறார்களோ என்று அவளுக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது.

பயிற்சி வகுப்பில் டாக்டரம்மா சொல்லியிருந்தார். தாய்ப்பால் குடித்த குழந்தைக்கு வீசிங் குறைவு என்கிறது ஓர் ஆராய்ச்சி. வீட்டு வசதியையும் தாயின் படிப்பையும் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறது இன்னொன்று. "நாமளும் எண்ணிப் பார்ப்போம். ஆனா அவங்க சொல்றது உண்மையா இருக்கணும்."

இந்த வீட்டில் சந்தேகத்துக்கே இடமில்லை. பழைய தாள் பைக்குள் இருந்தது.

ஐந்து வருடங்களுக்கு முன், கோகிலவாணியின் மகள் மிதுனா மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது, இதே வாசலில் உட்கார்ந்து, கோகிலவாணி சொல்லச் சொல்ல அவளே எழுதியது.

"நாப்பத்தஞ்சாம் நாளே வேலைக்குப் போயிட்டனுங்க. நடுவுல வெளிய விட மாட்டேன்னுட்டாங்க. பால் கட்டிக்கிட்டு, அப்புறம் வத்தியே போச்சு. இப்ப பவுடர் பால்தான்."

அன்று கோகிலவாணி எதையும் மறைக்கவில்லை.

அன்று அவள் கணவன் வீட்டில் இல்லை.

இன்று இருந்தான். மயில்சாமி. தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். கதவில் சாய்ந்தபடி மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டிலில் மிதுனா படுத்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்லிய விசில் சத்தம். தலைமாட்டில், மூச்சு இரைக்கும்போது வாயில் அடிக்கும் நீலநிற பம்ப்.

"ஏனுங்க மேடம், தாய்ப்பால் குடிச்ச கொழந்தைக்கு வீசிங்கே வராதாமா? போன வாரம் டாக்டரு மொதல்ல அதைத்தான் கேட்டாரு" என்றான் மயில்சாமி.

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க. அதைக் கண்டுபிடிக்கத்தான் வீடு வீடாப் போறோம்."

"மத்தியானம் வந்து குடுத்துட்டுப் போறேன்னுதான் எங்கிட்டச் சொன்னா. பக்கத்து வூட்ல வேற மாதிரி சொல்றாங்க. டப்பாப் பாலுங்கறாங்க."

கோகிலவாணி மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

"முந்தியும் நீங்க வந்து எழுதிட்டுப் போனீங்களாமா. அந்தப் பேப்பர்ல என்னங்க இருக்குது?"

பை கணக்கெடுக்க வந்தவளின் மடியில்தான் இருந்தது. ஜிப் பாதி திறந்திருந்தது.

இத்தனை நாளும் ஏழாம் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு கட்டத்தை மட்டுமே அவள் பார்த்திருந்தாள். கட்டத்துக்குப் பின்னால் இப்படி ஒருவன் நிற்பான் என்று நினைத்ததில்லை.

மற்ற நாற்பத்தொன்பது வீடுகளிலும் யார் நின்றார்கள்? கதவுக்குப் பின்னால்? சமையலறையில்? போனின் மறுமுனையில்?

பேனாவை மூடினாள். பையில் கைவிட்டுப் பென்சிலை எடுத்தாள். ஏழாம் கட்டத்தில் ஆறு என்று எழுதினாள்.

"அதெல்லாம் ஆபீசுல இருக்குதுங்க. யாருக்கும் காட்டக் கூடாது."

மயில்சாமி நம்பவில்லை. பக்கத்தில் வந்து தாளைப் பார்க்கக் குனிந்தான்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. அவன் சட்டையிலிருந்து. சற்று முன் குடித்த சிகரெட். மேல்பாக்கெட்டில் பெட்டியின் சதுரம் துருத்திக்கொண்டிருந்தது.

வரிசைப்படி அடுத்தது எட்டாம் கேள்வி. அவள் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டி, இருபத்தொன்றாம் கேள்வியைப் படித்தாள்.

"வீட்டுக்குள்ள யாராவது பீடி, சிகரெட் குடிப்பாங்களா?"

மயில்சாமி நிமிர்ந்தான்.

அவன் கை தானாகப் போய்ப் பாக்கெட்டை மூடியது.



"இல்லீங்க" என்றாள் கோகிலவாணி. "யாரும் இல்ல."

அதே வேகம். அதே குரல். ஆறு மாதம் என்று சொன்னாளே, அந்தக் குரல்.

அது மயில்சாமிக்கும் கேட்டிருக்க வேண்டும். மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

அவன் தாளிடமிருந்து விலகினான்.

பழைய பேப்பரைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை.

இல்லை என்பதையும் அவள் பென்சிலால்தான் எழுதினாள். அப்புறம் அழிக்கும்படி, அழுத்தாமல்.

கட்டிலில் இருமல் தொடங்கியது. ஒன்று, இரண்டு, பிறகு விடாமல்.

மயில்சாமி குழந்தையை நோக்கி இரண்டு அடி வைத்தான்.

நின்றான்.

சட்டையைக் கழற்றினான். வெளியே போய்க் கொடியில் போட்டான். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே வந்து குழந்தையைத் தூக்கினான்.

கோகிலவாணி பம்பைக் குலுக்கி, அவன் ஈரக் கையில் கொடுத்தாள்.