வழக்கில்லாத ஆள்

"இந்த முறை உன்னை எடுக்கேலாது, பஸ்ரியன்," என்றார் படகுகளின் சொந்தக்காரரான செபமாலைச் சம்மாட்டி. "டைனமைற் வெடி வைச்சு மீன் பிடிச்சதெண்டு உனக்கு ரெண்டு தரம் தீர்ப்பாகிட்டுது. மூண்டாவதுக்குத் தண்டப்பணத்தோட விடமாட்டினம். நேரா மறியல்தான், கம்பி எண்ணவேணும்."

பஸ்ரியனின் வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை.

"மறியலுக்கும் போறன், சம்மாட்டி. பிள்ளையளைப் பட்டினி போடாமல் பாருங்கோ."

"மறியல்ல நாலு அடி விழுந்தால் உன்ர வாய் சும்மா கிடக்குமோ? தம்பி டிலோஜனை அனுப்பு. அவன்ர பேரில ஒரு வழக்கும் இல்லை. முதல் குற்றமெண்டு தண்டத்தோட விடுவினம்."

"ஐயோ, அவன் ரீச்சர் வேலைக்கு நேர்முகம் போகப்போறவன். ஒரு வழக்கு விழுந்தாலும் அரசாங்க வேலை போச்சு. கடலுக்கே போகாதவன், சம்மாட்டி. வெடியைக் கண்ணாலயும் கண்டதில்லை."

சம்மாட்டி சிரித்தார்.

"நீ மட்டும் கண்டனியோ? ரெண்டு தரமும் வெடி எறிஞ்சது என்ர மகன். முந்தநாள் எறிஞ்சதும் அவன்தான். நீ கோட்டுக் கூண்டில ஏறி, 'ஓம் ஐயா, நான்தான்' எண்டு மட்டும்தானே சொன்னனி? அதைத் தம்பிக்குச் சொல்லிக்குடு."