ஒரு சொட்டு போகிற வழி

"அந்த ஜாபர் வூட்டு வாசலை இடிக்காம நான் சோத்துல கை வைக்க மாட்டேன்!"

தசரதன் சபதம் போட்டபோது மணி பத்து. பத்தரைக்கு ஏழாவது இட்லி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"இது சோறு இல்லையே" என்றார், மனைவி கங்கையம்மாள் பார்த்த பார்வைக்குப் பதிலாக.

மாடம்பாக்கத்தில் அவர்கள் தெருவின் நலச் சங்கத் தலைவர் அவர்தான். போன மழையில் அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். இரும்பு பீரோ மிதந்ததாகவும், அதன்மேல் உட்கார்ந்து பல்லாவரம் வரை போய் வந்ததாகவும் சங்கக் கூட்டத்தில் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. தலைவராயிற்றே.

தெருக்கோடியில் ஜாபர் வீடு. தூண் எழுப்பி, அதற்குமேல் கட்டிய வீடு. அங்கே மட்டும் ஒரு சொட்டு ஏறவில்லை.

"வூட்டை ஒசத்திக் கட்டி, தண்ணிய நம்ம பக்கம் தள்ளிட்டான். அடுத்த மழைக்குள்ள மாநகராட்சில சொல்லி இடிக்கணும். சும்மா சொன்னா வரமாட்டாங்க, ஆதாரம் கேப்பாங்க. ஹேமா, அந்த மேப்பைத் தொற!"

மகள் ஹேமாவதிக்கு மறைமலை நகரில் வேலை. இலவசமாகக் கிடைக்கிற நில வரைபட மென்பொருள் ஒன்றை அன்றைக்குத்தான் கம்ப்யூட்டரில் இறக்கியிருந்தாள். மேடு பள்ளத்தைக் கோடு கோடாகக் காட்டுமாம். ட்ரோன் விட்டு அளக்கிற கம்பெனியில் இருக்கும் தோழி, வீடுகளைக் கழித்துவிட்டு வெறும் தரையின் உயரத்தை மட்டும் ஒரு ஃபைலாகக் கொடுத்திருந்தாள்.

"நம்ம தெரு எங்கம்மா?"

இரண்டு எண்களைத் தட்டினாள். திரை முழுக்க நீலம்.

"இன்னா இது?"

"வட துருவத்துக்குப் பக்கம்ப்பா. பனிக்கடல்."

"அங்கேயும் தண்ணிதானா!" கங்கையம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போட்டிருந்தாள். திருத்தியதும் தெரு மாடம்பாக்கத்துக்குத் திரும்பி வந்தது. அவ்வளவு தூரம் போய் வந்தும் ஒரு வீடுகூட நனையவில்லை.

"மேடு பள்ளம் எதுவுமே காணோமே?"

"பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடுன்னு இருக்குப்பா. அது மலைக்குத்தான் சரிப்படும். அரை மீட்டருக்கு ஒண்ணுன்னு மாத்தறேன்."

மாற்றினாள். முறுக்குப் பிழிந்ததுபோல் திரை முழுக்கக் கோடுகள்.

"இங்க பாருங்க, மழைச்சொட்டுன்னு ஒரு பட்டன். எங்க வெச்சு அழுத்தினாலும், அங்க விழற தண்ணி எந்த வழியா ஓடும்னு காட்டும்."

தசரதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஜாபர் வாசல்ல வை. நேரா நம்ம வூட்டுக்கு வரும் பாரு."

அழுத்தினாள். நீலக் கோடு ஒன்று கிளம்பியது. இவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஜாபர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரிக் கால்வாயில் போய் விழுந்தது.

"தப்பு. நம்ம வாசல்லருந்து அழுத்து."

கோடு தெருவோடு இறங்கிப் போய், ஜாபர் வீட்டு கேட்டுக்குள் நுழைந்து, வீட்டை ஊடுருவி, அதே கால்வாயில் விழுந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வைத்துப் பார்த்தார்கள். எல்லாச் சொட்டும் சொல்லி வைத்தாற்போல் அதே கேட்டுக்குள்தான் போயின.

"கம்ப்யூட்டரையும் கவனிச்சுட்டானா? வூட்டுக்குள்ள பூந்து எப்படிம்மா தண்ணி போவும்?"

"இதுக்குத் தரை மட்டும்தான்ப்பா தெரியும், வீடு தெரியாது. அங்க நிஜமா என்ன இருக்குன்னு போய்த்தான் பாக்கணும்."

"இன்னா இருக்கும்? தண்ணி போற வழில செவுரு வெச்சு அடைச்சிருப்பான். வா, கையும் களவுமாப் புடிக்கலாம்!"

மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள். தசரதன் நடந்த வேகத்தில் தெரு நாய்கள் ஓரமாக வரிசை கட்டி நின்றன.

ஜாபரின் மனைவி சாஜிதா கேட்டைத் திறந்தாள்.

"வாங்கண்ணா, வாங்கக்கா. அவர் பின்னாடி இருக்கார்."

தூண்களுக்கு நடுவே, கேட்டிலிருந்து பின்சுவர் வரைக்கும், ஒரு மாடு படுக்கிற அகலத்துக்குச் சிமென்ட் வாய்க்கால். பின்சுவரில் பெரிய திறப்பு, அதில் கம்பி வலை. வலைக்கு முன்னால் ஜாபர் ஒரு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, சிக்கியிருந்த பிளாஸ்டிக் கவர்களை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் யார் வீசியதும் தப்பவில்லை. எல்லாம் அங்கே இருந்தன.

"இன்னா ஜாபரு இதெல்லாம்?" தசரதனின் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

சாஜிதா சொன்னாள்: "மனை வாங்கறப்பவே பாத்தோம்ணா. தெருத் தண்ணி மொத்தமும் இது வழியாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. நாங்க பாட்டுக்கு அடைச்சுக் கட்டினா உங்க கதி என்ன ஆவறது? அதான் கீழே தண்ணிக்கு விட்டுட்டு, மேலே வீட்டைக் கட்டிக்கிட்டோம்."

பீரோவில் பல்லாவரம் போய் வந்தவர் குனிந்து, கேட்டிலிருந்து கம்பி வலை வரைக்கும் வாய்க்காலைக் கண்ணால் அளந்தார்.

கங்கையம்மாள்தான் முந்திக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும் தாயி" என்று சாஜிதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

தசரதன் வாய்க்காலுக்குள் இறங்கினார். ஜாபரின் சேற்றுக் கையைப் பற்றினார். "ஜாபரு... உனக்கு எப்படிப்பா நன்றி..."

"ஐயோ, எனக்கு எதுக்குண்ணா நன்றி?" ஜாபர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நானே உங்க வூட்டுக்கு வரணும்னு இருந்தேன். போன மழையப்ப காலு ஒடிஞ்சு, கட்டுப் போட்டுக்கினு படுத்துட்டேன். இந்த அடைப்பை எடுக்க முடியல. அதனாலதான் உங்க வூட்ல தண்ணி பூந்துடுச்சு. மன்னிச்சுடுங்கண்ணா."